சனிக்கிழமை இறையியல்: உபதேசங்களை முறைப்படி படிக்க ஒரு முழு வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போன் வெளிச்சத்தில் வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அங்கிள், மாற்கு 4:38-இல் இயேசு படகில் தூங்குகிறார். சங்கீதம் 121:4-இல் இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை என்று இருக்கிறது. அப்போ இயேசு தேவனா, இல்லையா?"

"இதெல்லாம் விசுவாசத்தோடு ஏத்துக்கணும்பா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவன் கேட்டது புதுக் கேள்வி இல்லை. அதே மாதிரிக் கேள்விகளுக்காகத்தான் 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் ஆயர்கள் ஊர் ஊராகக் கூடி வருஷக்கணக்கில் வாதாடினார்கள். நல்ல பதிலும் கண்டார்கள். ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. அதற்கப்புறம்தான் முறைசார் இறையியலை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்தப் படிப்பில் நான் விழுந்து எழுந்து கற்றது. செமினரிக்கு (இறையியல் கல்லூரிக்கு) போகாத, வேலைக்குப் போகிற, தமிழில் வேதம் வாசிக்கிற ஆளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எதைப் படிக்கப்போகிறோம்

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வேதம் சொல்வதையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, இன்றைக்கு நாம் எதை நம்புகிறோம் என்று சொல்வதுதான் முறைசார் இறையியல். வேதாகம இறையியல் என்று இன்னொன்று உண்டு. அது கதை நகர்கிற வரிசையிலேயே போகும்: ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு தாவீதிடம் எப்படி வளர்ந்தது, தீர்க்கதரிசிகளிடம் எப்படி வந்தது என்று. திருச்சபை எந்தக் காலத்தில் என்ன சொன்னது என்று பார்ப்பது வரலாற்று இறையியல். தறி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்வதென்றால் வேதாகம இறையியல் பாவு, முறைசார் இறையியல் ஊடை. பாவு ஓட்டாமல் ஊடை போட முடியாது.

அதனால் முதல் வேலை, முழு வேதாகமத்தையும் ஒரு தடவை வரிசையாக வாசித்து முடிப்பது. 1,189 அதிகாரங்கள். நாளைக்கு நாலு வாசித்தால் பத்து மாதத்தில் முடியும். லேவியராகமத்தில் நிறையப் பேர் நின்றுவிடுவார்கள். நானும் இரண்டு முறை நின்றிருக்கிறேன். பரவாயில்லை, தள்ளிக்கொண்டு போங்கள். பலி என்றால் என்ன என்று லேவியராகமத்தில் பார்க்காதவருக்கு எபிரெயர் நிருபம் பாதிதான் புரியும்.

வாசிக்கும்போது இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நம் வீடுகளில் இருக்கிற பழைய திருப்புதல். மற்றொன்று, 1995-இல் வந்த திருவிவிலியம். திருவிவிலியத்தின் சில பதிப்புகளில் கூடுதலாகச் சில புத்தகங்கள் இருக்கும். சுவிசேஷ சபைகள் 66 புத்தகங்களையே வேதமாகக் கொள்கின்றன. ஆனால் மொழிநடையை ஒப்பிட அந்தப் பதிப்பும் உதவும். ஏன் இரண்டு வேண்டும் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சுவிசேஷப் பார்வை என்றால் என்ன

சுவிசேஷப் பார்வை, ஆங்கிலத்தில் இவாஞ்சலிக்கல், என்பது ஒரு சபையின் பெயர் இல்லை. சி.எஸ்.ஐ.யிலும் (தென்னிந்தியத் திருச்சபை) இந்தப் பார்வையுள்ளவர்கள் இருப்பார்கள், லுத்தரன் சபையிலும் இருப்பார்கள், பெந்தெகொஸ்தே சபையிலும் பிரதரன் சபையிலும் இருப்பார்கள். டேவிட் பெபிங்டன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1989-இல் இவர்களுக்குப் பொதுவாக நான்கு அடையாளங்களைச் சொன்னார்: வேதத்துக்குக் கொடுக்கும் இடம், சிலுவையை மையமாக வைப்பது, மனந்திரும்புதலை வலியுறுத்துவது, விசுவாசத்தைச் செயலில் காட்டுவது. இந்த நான்கும் நம்மூர்க் கன்வென்ஷன் பந்தலுக்குள் போனால் அப்படியே தெரியும்.

படிப்பதற்கு முன் ஒரு ஆவணத்தை வாசித்துவிடச் சொல்வேன். 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய மாநாட்டின் உடன்படிக்கை. ஜான் ஸ்டாட் தலைமையில் வரைந்தது. பதினைந்து பகுதிகள்தான், ஒரு மணி நேரத்தில் வாசித்துவிடலாம். சுவிசேஷ அறிவிப்பும் சமூகப் பொறுப்பும் இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்று அது சொல்கிறது. "ஆத்தும ஆதாயம் மட்டும் போதும்" என்று வளர்ந்த எனக்கு அது ஒரு அடி.

அதிகார வரிசையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். வேதம் மட்டுமே என்று 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் சொன்னபோது வேறு எதையும் வாசிக்காதே என்று சொல்லவில்லை. விசுவாசப்பிரமாணம், பழைய போதகர்களின் எழுத்து, நம் புத்தி, நம் அனுபவம் எல்லாம் சாட்சி சொல்லலாம். தீர்ப்புச் சொல்வது வேதம். அவர்களில் ஒருவரான கால்வினின் பக்கங்களைப் புரட்டினால் வரிக்கு வரி பழைய போதகர் அகுஸ்தீன் வருவார். "நான் வேதத்தை மட்டும்தான் வாசிக்கிறேன், மனுஷர் புத்தகம் தேவையில்லை" என்கிறவரும் தன் பாட்டியும் தன் பாஸ்டரும் சொன்னதைக் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார். கண்ணாடி போட்டிருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேதத்தைப் பற்றியே சுவிசேஷப் பார்வையுள்ளவர்களுக்குள் ஒரு வேறுபாடு உண்டு. வேதம் பேசுகிற எந்தப் பொருளிலும் பிழையில்லை என்பார்கள் ஒரு சாரார். 1978-இல் சிகாகோவில் எழுதிய அறிக்கை இந்த நிலையை விரிவாகச் சொல்கிறது. விசுவாசத்துக்கும் நடக்கைக்கும் அது தவறாமல் வழிகாட்டும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள் இன்னொரு சாரார். இந்த விவாதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஆரம்பத்திலேயே ஆறு மாதம் இதில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

எந்த வரிசையில் போவது

பெரும்பாலான பாடநூல்களில் வரிசை இப்படி இருக்கும்: வேதம், தேவன், படைப்பு, மனுஷன், பாவம், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, இரட்சிப்பு, சபை, கடைசிக் காரியங்கள். பத்துத் தலைப்பு. தர்க்கப்படி சரியான வரிசைதான்.

நான் வேறு மாதிரி ஆரம்பிக்கச் சொல்வேன். முதலில் கிறிஸ்து. அப்புறம் அங்கிருந்து பின்னால் போய்த் திரித்துவம், பிறகு வேதம், பாவம், இரட்சிப்பு. நம்மில் யாரும் வேதத்தின் பிழையின்மையை நிரூபித்துவிட்டுக் கிறிஸ்துவிடம் வரவில்லை. அவரைப் பற்றிக் கேட்டு வந்தோம். வந்த வழியிலேயே படிப்பது மனதில் நிற்கிறது. எங்கள் குழுவில் முதல் தடவை பாடநூல் வரிசையில் போனோம். மூன்றாவது மாதத்தில் நாலு பேர் மிச்சம். இரண்டாவது தடவை கிறிஸ்துவில் ஆரம்பித்தோம், பதினோரு பேர் கடைசி வரை வந்தார்கள்.

வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்றால் முழுச் சுற்றுக்கு இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துவுக்கும் இரட்சிப்புக்கும் தலா நாலு மாதம். கடைசிக் காரியங்களுக்கு ஆறு வாரம், அதற்கு மேல் ஒரு வாரம்கூட வேண்டாம். கொடுத்தால் அதுவே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

நோட்டுப் போடுவது: ஒரு கேள்வியை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம்

வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதிதான். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். அந்தப் பையனின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "தூங்கினவர் எப்படித் தூங்காத தேவனாக இருக்க முடியும்?" மழுப்பலாக "கிறிஸ்துவின் தன்மை" என்று தலைப்புப் போட்டால் வேலை நடக்காது.

அடுத்து வசனங்களைத் திரட்டுங்கள். இடது பக்கத்தில் அவர் மனுஷன் என்று காட்டுகிறவை: கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தார் (யோவான் 4:6), அழுதார் (11:35), ஞானத்தில் வளர்ந்தார் (லூக்கா 2:52), அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் (மாற்கு 13:32). வலது பக்கத்தில் அவர் தேவன் என்று காட்டுகிறவை: அந்த வார்த்தை தேவனாயிருந்தது (யோவான் 1:1), தோமாவின் அறிக்கை (20:28), தேவத்துவத்தின் பரிபூரணம் சரீரப்பிரகாரமாக அவருக்குள் வாசமாயிருக்கிறது (கொலோசெயர் 2:9). உங்களுக்குப் பிடிக்காத வசனத்தை முதலில் எழுதுங்கள். "பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28-ஐ ஒளித்துவிட்டு எழுதிய உபதேசம், இயேசு தேவன் இல்லை என்கிற யெகோவா சாட்சி ஒருவர் வாசலில் வந்து நின்றதும் உடைந்துவிடும்.

மூன்றாவது, ஒவ்வொரு வசனத்தையும் அதன் இடத்திலேயே வைத்து வாசியுங்கள். மாற்கு 4-ஐ எடுங்கள். 38-ஆம் வசனத்தில் தூங்குகிறார். அடுத்த வசனத்திலேயே எழுந்து காற்றையும் கடலையும் அதட்டுகிறார், அமைதி உண்டாகிறது. சங்கீதம் 107-இல் கப்பலேறினவர்கள் கூப்பிட, கொந்தளிப்பை அமர்த்துகிறவர் கர்த்தர். ஆக அந்தப் பையன் காட்டிய இடத்திலேயே, ஒரு வசன இடைவெளியில், இரண்டு பக்கமும் இருக்கிறது. மாற்கு இதைத் தெரியாமல் எழுதவில்லை. இன்னொன்றும் பாருங்கள்: சங்கீதம் 44:23-இல் சங்கீதக்காரன் "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று தேவனிடமே கேட்கிறான். கவிதை வேறு, வரையறை வேறு. 121-ஆம் சங்கீதம் தேவன் கைவிடமாட்டார் என்ற உறுதியைச் சொல்கிறது. 44-ஆம் சங்கீதம் கைவிடப்பட்டதாக உணர்கிறவனின் கதறல். இலக்கிய வகையைப் பார்க்காமல் வசனத்தோடு வசனத்தை மோதவிடக் கூடாது.

நான்காவது, நமக்கு முன் இதை யோசித்தவர்களிடம் போங்கள். 325-இல் நிசேயாவில் கூடினவர்கள், குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையைத் தள்ளி, பிதாவோடு ஒரே சாரமுள்ளவர் என்றார்கள். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள், 431-இல் எபேசு. கடைசியில் 451-இல் கல்கெதோன்: ஒரே ஆள், இரண்டு சுபாவங்கள், அவை கலக்காமல், மாறாமல், பிரியாமல், விலகாமல் இருக்கின்றன. அந்த நான்கு சொல்லும் நான்கு பக்கத்து வேலிகள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் விளக்க முயலவில்லை, எங்கே போனால் பள்ளம் என்று மட்டும் குறித்தார்கள். ஏற்காடு மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறார்களே, அந்த மாதிரி.

ஐந்தாவது, உங்கள் பதிலை உங்கள் வார்த்தையில் மூன்று வரிக்குள் எழுதுங்கள். நான் எழுதினது இது: "சுபாவம் தூங்குவதில்லை, ஆள்தான் தூங்குகிறார். நித்திய குமாரனாகிய அந்த ஒரே ஆள் தம்முடைய மனுஷ சுபாவத்தின்படி படகில் தூங்கினார். அவருடைய தேவ சுபாவம் அதனால் குறையவும் இல்லை, ஓய்ந்துபோகவும் இல்லை." அப்போஸ்தலர் 20:28-இல் "தேவன் தம்முடைய சுயரத்தத்தினாலே" என்று பவுல் பேசுவதும் இப்படித்தான் புரிகிறது. தேவத்துவத்துக்கு இரத்தம் இல்லை. இரத்தம் சிந்தின ஆள் தேவன்.

ஆறாவது, இது உண்மையானால் திங்கட்கிழமை என்ன மாறும் என்று ஒரு வரி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஜெபிக்க உட்கார்ந்து தூங்கிவிழுகிற ஒரு அண்ணன் எங்கள் குழுவில் உண்டு. அவர் எழுதியது: "களைப்பு பாவம் இல்லை. அவரும் களைத்தார்."

ஒவ்வொரு கேள்விக்கும் இந்த ஆறு படி. ஒரு கேள்விக்கு இரண்டு வாரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

தமிழ்ச் சொற்கள் வைத்திருக்கும் கண்ணிகள்

ஆங்கிலப் பாடநூல் எதுவும் இதைச் சொல்லித் தராது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நீதிமானாக்கப்படுதல்" என்ற சொல்லை எடுங்கள். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கிறது? கெட்டவனை நல்லவனாக மாற்றுவது போல. ரோமரில் வரும் கிரேக்கச் சொல் நீதிமன்றச் சொல்: குற்றமற்றவன் என்று தீர்ப்புச் சொல்வது. இதை நிரூபிக்க கிரேக்கம்கூட வேண்டாம், நம் பழைய திருப்புதலிலேயே நீதிமொழிகள் 17:15 இருக்கிறது. துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன். நீதிமானாக்குவது என்றால் நல்லவனாகத் திருத்துவது என்று எடுத்தால், துன்மார்க்கனைத் திருத்துகிறவன் எதற்கு அருவருப்பு? தீர்ப்பு என்று எடுத்தால்தான் வசனம் நிற்கிறது. அஸ்தம்பட்டி கோர்ட்டில் நீதிபதி ஒருவரை விடுதலை செய்யும்போது அவருடைய குணத்தை மாற்றுவதில்லை, அவர் நிலையை அறிவிக்கிறார். இங்கேதான் ரோமர் 4:5 நம்மைத் திடுக்கிட வைக்க வேண்டும்: நீதிமொழிகள் அருவருப்பு என்று சொன்னதையே தேவன் செய்கிறார், பாவியை நீதிமானாக்குகிறார். எப்படி நியாயம்? 3:25-க்குத் திரும்பிப் போனால்தான் பதில். குணம் மாறுவது பொய்யா என்றால், இல்லை. அதற்குப் பரிசுத்தமாக்கப்படுதல் என்று பெயர், அது கூடவே வரும், ஆனால் வேறு. சீர்திருத்தக்காரர் லூத்தரும் ரோமன் கத்தோலிக்க சபையும் பிரிந்த இடம் இந்தக் கோட்டின் மேல்தான். தமிழ்ச் சொல் அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது.

அந்த ரோமர் 3:25-இல் "கிருபாதார பலி" என்று வருகிறது. எபிரெயர் 9:5-இல் "கிருபாசனம்". கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல். உடன்படிக்கைப் பெட்டியின் மூடியில் இரத்தம் தெளிக்கிற பாவநிவாரண நாளை நினைத்துக்கொண்டு ரோமரை வாசித்தால் வேறு ஆழம் தெரியும். இந்தச் சொல் பாவத்தை நீக்குவதை மட்டும் குறிக்கிறதா, தேவகோபத்தை ஆற்றுவதையும் குறிக்கிறதா என்று 20-ஆம் நூற்றாண்டில் வேத அறிஞர்கள் சி. எச். டாட் ஒரு பக்கமும் லியோன் மாரிஸ் ஒரு பக்கமும் வாதாடினார்கள். தேவகோபத்தையும் குறிக்கிறது என்றவர் மாரிஸ். சுவிசேஷப் பார்வையுள்ளவர்கள் பெரும்பாலும் மாரிஸ் பக்கம். நானும்தான். ஆனால் கோபக்கார சாமிக்குப் பலிபோட்டுச் சமாதானப்படுத்துவது என்ற படத்தை அதற்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். பலியை ஏற்படுத்தினதே தேவன் என்று அந்த வசனமே சொல்கிறது.

"அவதாரம்" இன்னொரு சொல். கிறிஸ்துமஸ் பாட்டுகளில் தாராளமாக வரும். வெங்கல் சக்கரை போன்ற தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் அதை யோசித்தே எடுத்தாண்டார்கள். இயேசுவின் அவதாரம் வந்து போவதில்லை, நிலைத்திருப்பது என்று வேறுபடுத்தியும் காட்டினார்கள். 1950-களில் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி யோவான் சுவிசேஷத்தை பக்தி மரபோடு சேர்த்து வாசித்தவர். சேலமும் அந்தத் திருமண்டலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் நம் சபைகளில் அவரை வாசிக்கிறவர்கள் குறைவு. அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக முடியாது, எனக்கு முடியவில்லை. வாசிக்காமல் தள்ளுவது சோம்பல்.

தேவனுக்கே தமிழில் எத்தனை பெயர் பாருங்கள். வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர்களில் சீகன்பால்கு சருவேசுரன் என்றார், ஃபப்ரிசியுஸ் பராபரன் என்றார், ஹென்றி பவர் தேவன் என்றார், திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தேர்வு. ஒவ்வொன்றிலும் ஒன்று கிடைக்கும், ஒன்று நழுவும். இரண்டு மொழிபெயர்ப்பு வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். சொல் மாறுகிற இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: ஏன் மாறுகிறது?

"இரட்சிக்கப்பட்டீங்களா, எந்தத் தேதி?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேதத்தில் அந்தச் சொல் மூன்று காலத்திலும் வருகிறது. எபேசியர் 2:8-இல் நடந்து முடிந்தது, 1 கொரிந்தியர் 1:18-இல் நடந்துகொண்டிருப்பது, ரோமர் 5:9-இல் இனி வரப்போவது. தேதி தெரிந்தால் சந்தோஷம்தான். தெரியாதவரைப் பயமுறுத்த வேண்டாம்.

உவமைகளில் ஜாக்கிரதை

ஞாயிறு பள்ளியில் திரித்துவத்துக்கு "தண்ணீர், ஐஸ், நீராவி" என்று சொல்லிக்கொடுப்போம். ஒரே தண்ணீர் ஒரு நேரத்தில் ஐஸ், இன்னொரு நேரத்தில் ஆவி. இதைத்தான் 3-ஆம் நூற்றாண்டில் சபேலியு என்பவரின் பெயரால் அறியப்பட்ட தவறான போதனை சொன்னது: ஒரே தேவன் மூன்று வேஷம். அப்படியானால் யோர்தானில் குமாரன் நீரில் நிற்க, ஆவியானவர் இறங்க, பிதா பேசியது யாரோடு? நான் இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில் ஐஸ் கதை சொல்லியிருக்கிறேன். இப்போது மத்தேயு 3:16-17-ஐ வாசித்துக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

புத்தகங்கள்

ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வந்தால் இரண்டு தடிப் புத்தகம் போதும். ஒன்று மட்டும் வேண்டாம். லூயிஸ் பெர்காஃப், வெய்ன் குரூடம் இருவரும் எழுதிய முறைசார் இறையியல் நூல்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்வேன். இருவரும் வேதத்தை ஒரே மாதிரி மதிக்கிறவர்கள், இருவரும் கால்வினிய வழியில் வந்தவர்கள். ஆனால் பெர்காஃப் குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிப்பார், குரூடம் மறுப்பார். வெளிப்படுத்தின விசேஷம் 20 சொல்லும் கிறிஸ்துவின் ஆயிர வருஷ அரசாட்சியைப் பெர்காஃப் எழுத்துப்படி எடுக்கமாட்டார், குரூடம் எடுப்பார். பரிசுத்த ஆவியின் வரங்கள் இன்றும் உண்டு என்பது குரூடம். ஒரே வேதம், ஒரே பக்தி, வேறு முடிவு. எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று தேடும்போது நாமே யோசிக்க ஆரம்பிப்போம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழியை அறிய தாமஸ் ஓடனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரூடம் வாசிக்க எளிது. 1994-இல் வந்தது, 2020-இல் திருத்திய பதிப்பு. அதனாலேயே ஆபத்தும் உண்டு: சொல்கிற தோரணையில் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள உறவில் நித்தியக் கீழ்ப்படிதல் உண்டு என்ற அவர் கருத்தைச் சுவிசேஷ இறையியலாளர்களே 2016-இல் கடுமையாக விமரிசித்தார்கள்.

இரண்டாம் சுற்றில் கால்வினின் நிறுவனங்கள் நூலை எடுங்கள். 1536-இல் சிறு நூலாக வந்து, 1559-இல் நான்கு பாகமாக வளர்ந்தது. சண்டைக்காரர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெபத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட அதிகாரத்தை வாசித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள்.

ஆங்கிலம் வராது என்றால் மனம் தளர வேண்டாம். எங்கள் குழுவில் மிகக் கூர்மையாகக் கேள்வி கேட்கிறவர் அம்மாபேட்டையில் தறி ஓட்டும் அண்ணன். பழைய திருப்புதலும், எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதியும் மட்டும்தான் அவரிடம்.

கருத்து வேறுபாட்டை எடை போடுவது

சேலத்தில் ஒரே தெருவில் மூன்று சபை இருக்கும். லண்டன் மிஷன் என்ற மிஷனெரிச் சங்கம் 1827-இல் இங்கே வந்தது. அந்த வழிச் சபைகள் 1947-இல் சி.எஸ்.ஐ.யானபோது குழந்தை ஞானஸ்நானத்தோடு வந்தன. அந்த வீட்டுப் பிள்ளை பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு எடுத்துவிட்டு வந்தால் ஒரு மாதம் வீட்டில் சோறு இறங்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இதற்காக இரண்டு வருஷம் பேசவில்லை.

நோட்டில் ஒவ்வொரு பதிலுக்கும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள். "உ" என்றால் உயிர்: இது போனால் சுவிசேஷமே போய்விடும். திரித்துவம், கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல், கிருபையினால் இரட்சிப்பு. "ச" என்றால் சபை: ஒரே சபையாக நடத்துவதற்கு இதில் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாதவரும் சகோதரர்தான். ஞானஸ்நானம், சபை ஆளுகை. "க" என்றால் கருத்து: ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாறுபடலாம். ஆயிர வருஷ அரசாட்சி எப்போது என்பது போல. இந்த எழுத்தைப் போடுவதில்தான் எங்கள் குழுவில் அதிகச் சண்டை. யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்தார் என்கிற முன்குறித்தலுக்கு ஒருவர் "உ" போட்டார், இன்னொருவர் "க" போட்டார். நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618, 1619-இல் கூடி முடித்தும் முடியாத வழக்கு, எங்கள் மாடியில் முடியுமா? "ச" என்று போட்டுவிட்டு டீ குடித்தோம்.

ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பின் கருத்தை அவரே "ஆமா, அதான் நான் சொல்றது" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லிக்காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் மறுக்கலாம்.

குழு, மலை, படிப்பு

தனியாகப் படித்தால் தலைக்கனம் வரும், இல்லை தூக்கம் வரும். ஐந்து பேர் சேருங்கள். பெண்கள் அவசியம் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அடக்கமாக உட்கார்ந்திருந்த ஒரு அக்காதான், கிரியையினால் நீதிமானாக்கப்படுவதாகச் சொல்லும் யாக்கோபு 2-ஐயும் விசுவாசத்தினால் என்று சொல்லும் ரோமர் 4-ஐயும் அழகாகப் பொருத்திக் காட்டியவர். பவுல் ஆபிரகாம் வாக்கை நம்பின ஆதியாகமம் 15-ஐ எடுக்கிறார், யாக்கோபு அதோடு அதே ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன 22-ஐயும் எடுக்கிறார் என்றார். பின்னால் நான் பார்த்த விளக்கவுரைகளும் அதையேதான் சொல்லின.

வருஷத்தில் இரண்டு நாள் ஏற்காடு போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் சிக்னல் சரியாக இருக்காது, அதுவே பாதி ஆசீர்வாதம். காபித் தோட்டத்து ஓரம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிற நிழலில் உட்கார்ந்து, அந்த வருஷத்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிப்போம். மாற்றிக்கொண்ட கருத்துகளைச் சிவப்பு மையில் அடித்து எழுதுவோம். ஒரு வருஷம் முழுக்க ஒரு சிவப்புக் கோடுகூட இல்லையென்றால் ஏதோ தப்பு.

முறையாகப் பட்டம் வேண்டுமென்றால், செராம்பூர் செனட்டின் கீழ் உள்ள கல்லூரிகள் ஒரு வழி. அங்கே சுவிசேஷப் பார்வையோடு வேறு பார்வைகளையும் சந்திப்பீர்கள், அது நல்லது. ஏ.டி.ஏ. (ஆசிய இறையியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற செமினரிகள் இன்னொரு வழி. வேலையை விட முடியாதவர்களுக்குப் பெங்களூரிலிருந்து நடக்கும் டாஃப்டி (TAFTEE) என்ற அமைப்பின், வீட்டிலிருந்தே படிக்கும் விரிவாக்கப் பாடங்கள் உண்டு. சேருவதற்கு முன் யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறோம் என்று ஒரு இடத்தில் என்னிடமும் பணம் கேட்டார்கள். கட்டியும் விட்டேன். பட்டமளிப்பு அங்கி மட்டும் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன வருஷம் அவன் அம்மாவைக் கடைவீதியில் பார்த்தேன். நம்பர் வாங்கி, என் நோட்டின் அந்த இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். இத்தனை வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிறேன், மன்னிச்சுக்கோ என்று எழுதினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது: "நல்லா இருக்கு அங்கிள். ஆனா கெத்செமனேல 'என்னுடைய சித்தத்தின்படியல்ல'ன்னு சொல்றாரே. அப்போ அவருக்கு ஒரு சித்தமா, ரெண்டு சித்தமா?"

681-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் முடிந்த சங்கம் இதற்காகவே கூடியது. புதுப் பக்கம் திறந்து கேள்வியை எழுதிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அவன் ஊருக்கு வருகிறானாம்.